சென்னையில் அரிய பறவைகளை அடையாளம் காண்பது எப்படி: நீர்மட்டம் முதல் பதிவேடு வரை

டிசம்பரில் பள்ளிக்கரணைக்குப் போய், "வெறும் தண்ணீர்தான், ஒன்றுமே இல்லை" என்று அலுத்துக்கொண்டு திரும்புகிறவர்கள் ஆண்டுதோறும் உண்டு. அதே சதுப்பை மழைக்காலம் முடிந்து, நீர் ஒரு முழம் இறங்கிய பிறகு பார்த்தால் உள்ளான்களும் மூக்கன்களும் அரிவாள் மூக்கன்களும் தோளோடு தோள் உரச மேய்ந்துகொண்டிருக்கும். இடம் ஒன்றுதான், மாறியது நீரின் ஆழம். சென்னையில் அரிய பறவை பார்க்க விரும்புகிறவருக்கு நான் சொல்லக்கூடிய மிக உபயோகமான செய்தி இதுதான்: முதலில் நிலத்தைப் படிக்கப் பழகுங்கள். பறவையின் பெயரைக் கண்டுபிடிப்பது அதற்கு அடுத்த வேலை. இந்த வழிகாட்டியும் அந்த வரிசையிலேயே போகிறது.

எதை அரியது என்கிறோம்

ஒரு பறவை பல விதங்களில் அரியதாகலாம். வழி தவறியோ புயலில் அடித்துவரப்பட்டோ வந்து சேர்ந்தது ஒரு வகை. நடுக்கடலில் வாழும் ஆலாக்களும் ஃபிரிகேட் பறவைகளும் பெருங்காற்றுக்குப் பின் கரையோரத்தில் தென்படுவது அப்படித்தான். இரண்டாவது வகை, வலசைப் பாதையில் ஓரிரு நாள் இறங்கிவிட்டுப் போவது. மூன்றாவது வகைதான் புதியவர்கள் கவனிக்காதது: ஊருக்குப் பழகிய பறவையே காலம் தப்பியோ இடம் தப்பியோ நிற்பது. ஜூன் மாதத்தில் ஒரு நீலச்சிறகி வாத்து பெரும்பாக்கம் ஏரியில் இருந்தால் அது குறித்து வைக்க வேண்டிய செய்தி. ஜனவரியில் அதே வாத்துக்காக யாரும் பைனாகுலரைக்கூட உயர்த்த மாட்டார்கள். ஆகவே "அரியது" என்பது பறவையோடு தேதியையும் இடத்தையும் சேர்த்துச் சொல்லும் சொல்.

முதல் படி: நிலத்தைப் படித்தல்

சதுப்பு நிலப் பறவைகளின் வாழ்க்கையைக் கால் நீளமும் அலகு நீளமும் தீர்மானிக்கின்றன. சிட்டுக்குருவி அளவே உள்ள கொசு உள்ளானுக்கு நனைந்த சேறு அல்லது இரண்டு விரல்கடை நீர் போதும். நெடுங்கால் உள்ளான் ஒரு சாண் ஆழம்வரை இறங்கும். தலையை மட்டும் நீருக்குள் விட்டு மேயும் ஊசிவால் வாத்துக்கும் தட்டைவாயனுக்கும் முழங்காலளவு நீர் வேண்டும். நாமக்கோழி, முக்குளிப்பான், நீர்க்காகம் ஆகியவை மூழ்கி இரை எடுப்பவை, அவற்றுக்கு ஆழம் தடையில்லை. ஒரே ஏரியில் இத்தனை ஆழங்களும் அடுத்தடுத்து இருந்தால் இத்தனை வகைப் பறவைகளும் இருக்கும். அதனால்தான் சரிவாகப் படிப்படியாக ஆழம் கூடும் பழைய ஏரிகள் பறவைகளால் நிறைந்திருக்கின்றன. "தூர்வாரி அழகுபடுத்துகிறோம்" என்று சுற்றிலும் செங்குத்தாகக் கல்கட்டி ஒரே ஆழமாகத் தோண்டிய ஏரிகளில் நாலு நாமக்கோழி மிதப்பதோடு சரி. நடைபாதையும் நீரூற்றும் வைத்துவிட்டுப் பறவைகள் ஏன் வரவில்லை என்று கேட்பதில் பொருளில்லை.

ஆழத்துக்கு அடுத்தது ஏற்ற இறக்கம். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர்வரை ஏரிகளை நிரப்புகிறது. அதன்பின் வெயில் ஏற ஏற நீர் பின்வாங்கி, நாள்தோறும் ஒரு புதிய சேற்று விளிம்பைத் திறந்துவிடுகிறது. அந்த விளிம்பில்தான் புழுக்களும் நத்தைகளும் பூச்சிப் புழுக்களும் செறிந்திருக்கும். சைபீரியாவிலிருந்து வந்த உள்ளான்கள் திரும்பிப் போகும் பயணத்துக்குக் கொழுப்புச் சேர்ப்பது இங்கேதான். ஆண்டு முழுவதும் விளிம்புவரை நிரம்பி நிற்கும் ஏரி மனிதர் கண்ணுக்கு அழகு, உள்ளானுக்குப் பட்டினி.

பள்ளிக்கரணையின் கதையும் இதோடு சேர்ந்ததே. தென்சென்னை ஏரிகள் பலவற்றின் உபரிநீர் கலங்கல் (ஏரியின் நீர்வழிந்தோடி) தாண்டி இங்கே வந்து, ஒக்கியம் மடுவு வழியாகக் கோவளம் கழிமுகத்துக்குப் போகிறது. கட்டடங்களும் குப்பைமேடும் விழுங்கியது போக மிஞ்சிய பகுதியில் 317 ஹெக்டேரைக் காப்புக்காடாக 2007-இல் அறிவித்தார்கள். 2022-இல் ஏறத்தாழ 1,248 ஹெக்டேர் பரப்புக்கு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் தகுதி கிடைத்தது. நன்னீரும் சற்றே உவர்நீரும் கலக்கும் இடம் என்பதால் சம்பும் கோரையும் ஒருபுறம், திறந்த சேறு மறுபுறம், பூநாரை மேயும் ஆழமற்ற பரப்பு இன்னொருபுறம் என்று பல நிலங்கள் இங்கே ஒட்டிக் கிடக்கின்றன. மத்திய ஆசியப் பறவை வலசைப் பாதையில், கடலோரத்தில், நகரக் கட்டடங்களுக்கு நடுவே விடப்பட்ட பெரிய ஈரநிலங்களில் இதுவும் ஒன்று. மேலிருந்து பார்க்கும் களைத்த பறவைக்கு இறங்க வேறு வழியும் அதிகமில்லை.

வேடந்தாங்கல் வேறு மாதிரி. அங்கே பறவைகளை இழுப்பது நீரில் நிற்கும் மரங்கள். வேரைச் சுற்றித் தண்ணீர் இருக்கும்வரை கீரியும் பூனையும் நாயும் கூட்டுக்கு வர முடியாது. ஆகவே கூழைக்கடாவும் நத்தை குத்தி நாரையும் கரண்டிவாயனும் வெள்ளை அரிவாள் மூக்கனும் ஒரே மரத்தில் அடுக்கடுக்காகக் கூடு வைக்கின்றன. எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை ஊர்க்காரர்கள் தலைமுறைகளாக அறிந்தவர்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் நாரைகளைச் சுட்டபோது அவர்கள் முறையிட, 1798-இல் செங்கல்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸ் பாதுகாக்கும் உரிமையை எழுத்தில் கொடுத்தார். 1936-இல் அது அரசு அங்கீகரித்த சரணாலயமானது. பறவைகள் வருவதற்கு ஏரி எவ்வளவு காரணமோ, கல்லெறியாத ஊரும் அவ்வளவு காரணம்.

சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கரிக்கிலிக்குப் பலர் போவதில்லை. அங்கே கூட்டம் குறைவு, நீர் ஆழம் குறைவு, வாத்துகளும் உள்ளான்களும் அதிகம். கூடு பார்க்க வேடந்தாங்கல், வாத்துக் கூட்டத்துக்குள் புதிய முகம் தேடக் கரிக்கிலி என்று வைத்துக்கொள்ளலாம்.

நீர்நிலை மட்டுமே சரணாலயம் என்று எண்ணிவிட வேண்டாம். ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கிண்டி தேசியப் பூங்காவும் நன்மங்கலம் காப்புக்காடும் இந்தக் கடலோரத்தின் பழைய புதர்க்காட்டுத் துண்டுகள். இலைச் சருகு கூட்டித் தள்ளப்படாமல் மக்கிக் கிடக்கும் தரைதான் அவற்றின் செல்வம். குளிர்காலத்தில் ஆறுமணிக்குருவியும் செந்தலைப் பூங்குருவியும் அந்தச் சருகைக் கிளறியே இரை எடுக்கின்றன. அக்டோபரில் இரவெல்லாம் பறந்து களைத்த ஆறுமணிக்குருவி மாடிவீட்டுத் தோட்டத்தில் விழுந்து கிடப்பதும் நடப்பதுண்டு. உங்கள் தெருவில் சருகு மிஞ்சிய தோட்டம் எது என்று தெரிந்து வைத்திருங்கள்.

ஒரு அரிய பறவை பத்து அரிய பறவைகளைக் கூட்டி வருமா?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் பட்டகோனியா என்ற ஊருக்கு அருகே சாலையோர ஓய்விடம் ஒன்று உண்டு. அங்கே ஓர் அரிய பறவை தென்பட, அதைக் காண வந்தவர்கள் இன்னொன்றைக் கண்டார்கள், அதைக் காண வந்தவர்கள் மேலும் ஒன்றைக் கண்டார்கள் என்று கதை வளர்ந்தது. பார்க்கும் கண் கூடினால் பறவையும் கூடும் என்பது அதன் சாரம். ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பறவை பார்ப்பவர்கள் தங்கள் பட்டியல்களை ஏற்றும் ஈபேர்ட் இணையதளத்தின் தரவுகளை அலசி, அப்படியொரு விளைவுக்குச் சான்று கிடைக்கவில்லை என்று 2021-இல் எழுதினார்கள். எனக்கு அதில் வியப்பில்லை. வாட்ஸ்அப்பில் செய்தி வந்த மறுநாள் ஐம்பது பேர் ஒரே பறவையைச் சுற்றி நின்று அதையே படமெடுத்துத் திரும்புவதில் புதிதாக எதுவும் வெளிப்படாது. பறவைகள் நிறைந்த இடத்தில்தான் அரியவையும் இருக்கும்.

இரண்டாம் படி: மாதத்தை அறிதல்

ஆகஸ்ட் கடைசியிலேயே முதல் உள்ளான்கள் வந்துவிடும். பலவற்றின் உடலில் இனப்பெருக்கக் கால நிறம் பாதி உதிர்ந்திருப்பதால் அடையாளம் காண்பது கடினம். செப்டம்பர், அக்டோபர் கடந்து செல்பவற்றுக்கான மாதங்கள். மழை ஓயும்வரை காடும் தோட்டமும் நல்லது. வாத்துகளுக்கு டிசம்பர் இறுதி முதல் பிப்ரவரி வரை. வரித்தலை வாத்து வந்தால் இந்தக் காலத்தில்தான் வரும். மார்ச், ஏப்ரலை வெயிலுக்குப் பயந்து விட்டுவிடுகிறார்கள், ஆனால் என் விருப்பமான காலம் அது. கருவால் மூக்கன் செம்மை ஏறி நிற்கும், உப்புக்கொத்திகளின் மார்பில் துருநிறம் படரும். குளிர்காலம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் ஒன்றுபோலக் குழப்பியவை அப்போது தனித்தனியே தெரியும். தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் கடற்கரையும் கழிமுகமும் பார்க்கத் தகுந்தவை.

கோவளம், அடையாறு முகத்துவாரம், பழவேற்காடு போன்ற இடங்களில் மாதத்தோடு கடலின் ஏற்ற இறக்கத்தையும் பார்க்க வேண்டும். நம் கடற்கரையில் நீர்மட்ட வேறுபாடு ஏறத்தாழ ஒரு மீட்டர்தான் என்றாலும் மணல்திட்டு திறப்பதற்கு அது போதும். திட்டு மூழ்கியபின் போனால் ஆலாக்களைத் தவிர எதுவும் மிஞ்சியிருக்காது. பழவேற்காட்டில் வலை இழுக்கும் அண்ணன்மாரிடம் "எந்தப் பக்கம் தண்ணீர் வற்றியிருக்கிறது?" என்று கேளுங்கள். "பறவை எங்கே?" என்ற கேள்விக்குக் கிடைப்பதைவிடச் சரியான பதில் கிடைக்கும்.

மூன்றாம் படி: கையில் வேண்டியவை

எட்டு மடங்கு பெருக்கமும் 42 மில்லிமீட்டர் வில்லையும் கொண்ட பைனாகுலர் போதும். பத்து மடங்கு கையில் ஆடும். பள்ளிக்கரணையின் தூரத்துக்கு முக்காலியில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கியான ஸ்பாட்டிங் ஸ்கோப் பெரிய உதவி, ஆனால் முதல் ஆண்டே வாங்க வேண்டியதில்லை. சின்ன நோட்டும் பென்சிலும் கட்டாயம். காலையில் சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்புப் பறவைதான்.

நான்காம் படி: ஊர்ப் பறவைகளைத் தலைகீழாகத் தெரிந்துகொள்ளுதல்

அரிசியில் கல் பொறுக்குகிறவருக்கு அரிசி எப்படி இருக்கும் என்பது கைக்கே தெரியும். அப்படி உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியவை சென்னையில் ஐம்பது, அறுபது இனங்கள். மடையான், சின்னக் கொக்கு, உண்ணிக்கொக்கு, நெடுங்கால் உள்ளான், பொறி உள்ளான், மீசை ஆலா, செம்பருந்து, கள்ளப்பருந்து ஆகியவற்றை உட்கார்ந்த நிலையில் மட்டுமல்லாமல் பறக்கும்போதும், குஞ்சாக இருக்கும்போதும், இறகு உதிர்க்கும்போதும் அடையாளம் காணப் பழகுங்கள். வீட்டுக்கு அருகே உள்ள ஒரே ஏரிக்கு வாரந்தோறும் போவது, பத்து சரணாலயங்களுக்கு ஒவ்வொரு முறை போவதைவிட அதிகம் கற்றுத் தரும். ஒரு கூட்டத்தில் முந்நூறு பறவைகள் இருந்தால் முந்நூறையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். அரிய பறவை பெரும்பாலும் சாதாரணப் பறவைகளின் கூட்டத்துக்குள்ளேயே நிற்கும்.

ஐந்தாம் படி: கண்ணில் பட்டதும் செய்ய வேண்டியது

புத்தகத்தைத் திறக்காதீர்கள், செயலியையும் திறக்காதீர்கள். பறவை நிற்கும்வரை பறவையையே பாருங்கள். நிறத்தைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, முதலில் உருவத்தைப் பிடியுங்கள்.

அளவை அருகில் நிற்கும் தெரிந்த பறவையோடு ஒப்பிடுங்கள். "மைனாவைவிடச் சிறியது, சிட்டுக்குருவியைவிடப் பெரியது" என்பது பயன்படும் குறிப்பு. "நடுத்தர அளவு" என்பது பயன்படாது. பிறகு அலகு: தலையின் நீளத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவு, நேரா, மேல்நோக்கி வளைந்ததா, நுனியில் தொங்குகிறதா, அடியில் வேறு நிறமா. கால் நீளம், கால் நிறம். சேறு அப்பிய காலின் நிறத்தை நம்ப வேண்டாம், அது நீரில் நடந்து கழுவப்படும்வரை பொறுத்திருங்கள். கண்ணுக்கு மேலே கோடு உண்டா, கண்ணைச் சுற்றி வளையம் உண்டா.

அடுத்து அது செய்யும் காரியம். உப்புக்கொத்தி ஓடும், நிற்கும், குனிந்து கொத்தும், மறுபடி ஓடும். உள்ளான் நடந்துகொண்டே குத்தும். மூக்கன் தையல் இயந்திரத்து ஊசிபோல ஒரே இடத்தில் அலகை இறக்கி ஏற்றும். நீரில் மிதந்தபடி பம்பரமாகச் சுழலும் சின்ன உள்ளானை உப்பளத்தில் கண்டால் அது ஃபாலரோப், வேறு எதையும் பார்க்காமலே சொல்லலாம்.

அது எழுந்து பறக்கும் மூன்று நொடிதான் பல இனங்களுக்குத் தீர்ப்பு நாள். இறக்கையில் வெள்ளைப் பட்டை உண்டா, முதுகின் அடிப்பாகம் வெள்ளையா, வால் நுனி என்ன நிறம், கால் வாலைத் தாண்டி நீள்கிறதா, என்ன குரல் கொடுத்தது. இவற்றை அப்போதே எழுதுங்கள். வரையத் தெரியாதவர்களும் முட்டை வடிவில் உடல் ஒன்றும் கோடுகளாய்க் காலும் அலகும் போட்டு அம்புக்குறியிட்டுக் குறிக்கலாம்.

ஆறாம் படி: சந்தேகப்படுதல்

விசித்திரமான பறவை என்றதும் அரிய இனம் என்று முடிவு கட்டும் முன் மூன்று கேள்விகள்.

இது இளம் பறவையா? சென்னையில் மிக அதிகமாக ஏமாற்றுவது வக்காவின் குஞ்சு. வளர்ந்த வக்கா சாம்பலும் கறுப்புமாக இருக்கும், குஞ்சோ பழுப்பில் வெண்புள்ளி தெளித்தது. அதைக் குருகு என்ற வேறு நீர்ப்பறவையாக நினைத்து மகிழ்பவர்கள் பலர். இளம் செம்பருந்துக்கும் வெள்ளைத் தலை கிடையாது, அதையும் வேறு கழுகாக எண்ணுவதுண்டு.

நிறக் குறைபாடா? காகத்தின் இறக்கையில் வெள்ளைத் திட்டு, வெளுத்த மைனா ஆகியவை நிறமி குறைந்த சாதாரணப் பறவைகள்.

கூண்டிலிருந்து தப்பியதா? கூண்டுப் பறவைகளும் விற்கும் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை இருக்கும் ஊரில் இந்தக் கேள்வி அவசியம். தேய்ந்த வால், மனிதருக்கு அஞ்சாமை, நம் நாட்டைச் சேராத கிளி வகை எனில் பெரும்பாலும் பதில் ஆம்.

ஏழாம் படி: குழப்பும் இணைகள்

சென்னையில் மீண்டும் மீண்டும் தகராறு கிளப்புபவை சில.

பெரிய கொக்கும் இடைக்கொக்கும்: வாய்க்கோட்டை (அலகு பிளக்கும் கோட்டை) பாருங்கள். பெரிய கொக்குக்கு அது கண்ணைத் தாண்டிப் பின்னால் நீளும், இடைக்கொக்குக்குக் கண்ணுக்குக் கீழேயே நின்றுவிடும்.

பச்சைக்காலியும் சதுப்புநில உள்ளானும்: முன்னதன் அலகு தடித்து, சற்றே மேல்நோக்கி வளைந்தது. பின்னதன் அலகு ஊசிபோல மெலிந்து நேரானது.

பவளக்காலிகள் இரண்டு: சாதாரணமானது பறக்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் அகன்ற வெள்ளை தெரியும். புள்ளிப் பவளக்காலிக்கு அது இல்லை.

மூக்கன்கள்: கருவால் மூக்கனுக்கு இறக்கையில் பளிச்சென்ற வெள்ளைப் பட்டையும் கறுத்த வால் நுனியும் உண்டு. பட்டைவால் மூக்கனுக்கு இறக்கைப் பட்டை கிடையாது, வாலில் குறுக்குக் கோடுகள் இருக்கும். பின்னது கடலோரத்தை விரும்பும். ஏரியில் கண்டதாகச் சொல்லும் முன் இருமுறை பாருங்கள்.

கொசு உள்ளான்கள்: கறுத்த கால் என்றால் வழக்கமான கொசு உள்ளான். மஞ்சள் சாயல் கால், புல் விளிம்பில் ஒதுங்கி மேய்வது என்றால் டெம்மிங்க் கொசு உள்ளான்.

பூநாரைகள்: பெரிய பூநாரையின் அலகு வெளிர் சிவப்பு, நுனி மட்டும் கறுப்பு. சிறிய பூநாரையின் அலகு முழுக்கக் கருஞ்சிவப்பாகத் தொலைவில் கறுப்பாகவே தெரியும். ஆயிரம் பெரியவற்றுக்குள் ஒரு சிறியதைத் தேடுவது நல்ல பயிற்சி.

பூனைப்பருந்துகளில், சேற்றுப் பூனைப்பருந்தின் பெண்ணுக்கு வெளிர்த் தலையும் கரும்பழுப்பு உடலும் இருக்கும். முதுகடியில் வெள்ளை கண்டால் அது வேறு இனம். எந்த இனம் என்பதைக் கழுத்து வளையத்தை வைத்துச் சொல்ல வேண்டும், அதற்கு நெருக்கமான பார்வை தேவை. கிடைக்கவில்லையா? "பூனைப்பருந்து, இனம் தெரியவில்லை" என்று எழுதுங்கள். அப்படி எழுதக் கூச்சப்படாதவர்களின் பட்டியலைத்தான் நான் நம்புவேன்.

எட்டாம் படி: செயலியும் படமும்

மெர்லின் போன்ற செயலிகள் குரலையும் படத்தையும் வைத்துப் பெயர் சொல்லும். அதை ஒரு யோசனையாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டோ இரைச்சலுக்கு நடுவே கேட்ட குரலுக்கு அது சொல்லும் பெயரைக் கண்ணால் பார்க்காமல் பதிவிடக் கூடாது. படங்களும் ஏமாற்றும். மாலை வெயில் எல்லாவற்றையும் சிவப்பாக்கும், நீண்ட லென்ஸ் முன்னும் பின்னும் நிற்பவற்றை ஒரே தூரத்தில் இருப்பதுபோல் காட்டி அளவைக் குழப்பும். ஒரு படத்தைவிட வெவ்வேறு கோணங்களில் பத்துப் படங்கள், அவற்றில் இறக்கை விரித்த ஒன்று, அருகில் இன்னொரு பறவையோடு ஒன்று இருந்தால் வாதம் சுருங்கும்.

ஒன்பதாம் படி: ஒதுங்கி நிற்றல்

பறவை தலையை உயர்த்தி உங்களையே பார்த்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பது, கூட்டின் முன் கிளையை ஒடித்துப் படமெடுப்பது, கூட்டத்தைக் கிளப்பிவிட்டுப் பறக்கும் படம் எடுப்பது ஆகிய மூன்றும் சிறுமை. நாலாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்த உள்ளானுக்கு ஒவ்வொரு வீண் பறத்தலும் சேர்த்த கொழுப்பில் இழப்பு. கூடுகளின் இடத்தையும் ஆந்தைகள் பகலில் தங்கும் மரத்தையும் பொதுவில் சொல்லாதீர்கள்.

பத்தாம் படி: பதிவு செய்தல்

அரிய பறவையை மட்டும் எழுதாமல் அன்று கண்ட அனைத்தையும் எண்ணிக்கையோடும் நேரத்தோடும் ஈபேர்டில் ஏற்றுங்கள். எது இல்லை என்பதும் முழுப் பட்டியலில்தான் தெரியும். வழக்கத்துக்கு மாறான இனம் என்றால் விவரம் கேட்கும், சரிபார்ப்பவர் கடிதமும் வரலாம். அது உங்கள் நேர்மையைச் சந்தேகிப்பதல்ல. புத்தகத்தில் உள்ள வர்ணனையைத் திருப்பி எழுதாமல், நீங்கள் பார்த்ததை மட்டும் எழுதுங்கள்: எவ்வளவு தூரம், எத்தனை நிமிடம், ஒளி எப்படி, எந்த அடையாளம் தெரிந்தது, எது தெரியவில்லை, குழப்பும் மற்ற இனம் ஏன் அல்ல. ஜனவரியில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு தொடங்க நல்ல தருணம். 1978 முதல் இயங்கும் மெட்ராஸ் இயற்கையாளர் கழகம் போன்ற அமைப்புகளோடு நடந்தால் பழகிய கண்களின் துணை கிடைக்கும்.

காலில் உலோக வளையமோ வண்ணக் கொடியோ உள்ள பறவையைக் கண்டால் மற்ற வேலைகளை விட்டுவிட்டு எண்ணைப் படிக்க முயலுங்கள். கொடியின் நிறம், எந்தக் கால், முழங்காலுக்கு மேலா கீழா என்பதையும் சேர்த்துக் குறித்து, தேதி, இடம், படத்தோடு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்புங்கள். கோடியக்கரையில் பல ஆண்டுகளாக வளையமிட்டு வருவது அவர்கள்தான். வேறு நாட்டில் இட்ட வளையமாக இருந்தாலும் உரியவர்களைக் கண்டறிய அவர்களால் உதவ முடியும்.